உப்புத் தண்ணீர் ஊரில் நத்தைப் புழு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க ராயபுரத்துக்கு வந்திருந்தீர்கள். பிஸ்கட் எல்லாம் தீர்ந்த பிறகு உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், சாணத்துல முட்டை இல்லேன்னா புழு இல்லேன்னு எழுதிடலாம்தானே?"

"எழுதாதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். சுள்ளென்று பேசுகிற கிழவி என்று நினைத்திருப்பீர்கள். நான் அப்படித்தான், முப்பது வருடமாக அந்தப் பெயரோடுதான் வேலை பார்த்தேன். ஆனால் அன்றைக்குக் கோபமெல்லாம் இல்லை, வெட்கம். அந்தக் கேள்விக்குப் பின்னால் எனக்கு ஒரு கிடேரியும் ஒரு கன்றுக்குட்டியும் செத்துக் கிடக்கின்றன. அதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். மருந்தின் பெயரும் அளவும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அதற்கு நான் வேண்டாம்.

இது நான் வேலையில் சேர்ந்த புதிதில் செய்த தப்பு இல்லை. ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தபோது செய்தது. புதிதாக வருகிறவர்கள் பயத்தில் நாலு தடவை பார்ப்பீர்கள். என்னைப் போன்ற பழைய ஆட்கள்தான் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாததா" என்று கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவோம்.

எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தை ஒட்டி ஒரு தெரு. மாடு வைத்திருக்கிற வீடுகள் ஒரு பத்து இருக்கும். எருமைப் பால் டோல்கேட் டீக்கடைகள் வரைக்கும் போகும். தெரு வழியாக நாள் முழுக்கச் சாம்பல் லாரிகள். யாருடைய லாரி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். தார்ப்பாய் சரியாகக் கட்டாத லாரி போனால் காயப்போட்ட துணி, தண்ணீர் டிரம், மாட்டின் முதுகு எல்லாவற்றிலும் மெல்லிசாக ஒரு படலம் விழும்.

அந்தத் தெருவில்தான் கன்னியம்மா இருந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷனுக்குத் துறைமுகத்தில் கான்டிராக்ட் வேலை. ஒரே மகள், அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. நாலு எருமைகள். கறவையில் இருந்த இரண்டையும் வீட்டிலேயே கட்டிவைத்து வைக்கோலும் தவிடும் போடுவாள். சினையாகிப் பால் வற்றிய ரோஸிக்கும், இன்னும் சினை பிடிக்காத கிடேரிக்கும் வெளியில் அறுத்துவந்த பச்சைப்புல்தான் தீனி. என்னைப் பார்த்தாலே கிண்டல் ஆரம்பித்துவிடும். "எருமெ வாங்கினேன் டாக்டரம்மா. அது பட்டை பட்டையா விபூதி பூசிகினு சாமியாரு ஆயிடுச்சு பாரு" என்று ரோஸியின் முதுகைத் தட்டிக் காட்டுவாள். கையெல்லாம் சாம்பலாக இருக்கும்.

அந்த வருடம் மே மாதத்தில் கிடேரிக்குக் கழிச்சல் கண்டது. பீச்சாங்குழலில் அடிப்பது போலத் தண்ணீராகப் போனது, நாற்றம் தாங்கவில்லை. சாணத்தைப் பரிசோதித்தேன். ஒரு முட்டைகூட இல்லை. கழிச்சலுக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் கிடேரி செத்துவிட்டது.

அறுத்துப் பார்க்கப் போனேன். உச்சி வெயில். தெருவே சுற்றி நின்றது. வயிற்றைக் கிழித்ததும் முதலில் வந்தது பாலித்தீன் பை. ஒன்று, இரண்டு என்று இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதற்கடியில் சாம்பல் நிறத்தில் சேறு. கூட்டத்தில் "ஐயய்யோ" என்று ஒரு சத்தம். ராயபுரம் பஜாரில் திரிகிற மாடுகளை எத்தனை அறுத்திருக்கிறேன், அத்தனையிலும் பை பார்த்தவள் நான். கத்தியைத் துடைத்துவிட்டு எழுந்துவிட்டேன். குடலை ஒரு சாண் நீளம்கூடக் கிழித்துப் பார்க்கவில்லை.

அப்போது கன்னியம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "டாக்டரம்மா, கறவை ரெண்டும் இதே சாம்பல்லதான் நிக்குது. அதுங்களுக்கு ஒண்ணியும் ஆவலியே. புல்லு துண்ற ரெண்டுக்குத்தான் ஒடம்பு எறங்கிகினே வருது."

"அந்தப் புல்லு மேலதானே கன்னியம்மா சாம்பல் விழுது" என்றேன்.

எவ்வளவு அழகான பதில் பாருங்கள். அவள் வாயை அடைத்துவிட்டது. புழுவாக இருக்குமோ என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியதுதான். ஆனால் பச்சைப்புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டுக்குள் போகிற தட்டைப்புழுவுக்கு, குஞ்சாக இருக்கும்போது உள்ளே தங்கி வளர, முதலில் நத்தை வேண்டும். நத்தைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். கழிமுகம் முழுக்க உப்பு. உப்புத் தண்ணீர் ஊரில் நத்தைப் புழு எங்கிருந்து வரும்? எண்ணூர்ப் பக்கம் வேலை பார்த்த எங்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். சாணத்திலும் முட்டை இல்லை. "சாம்பலும் பாலித்தீனும் வயிற்றில் சேர்ந்ததால் மரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரோ கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். தெரு மொத்தமும் என்னைப் பாசத்தோடு பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டவன் தாஸ். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், தெருவுக்கு ஒன்று என்றால் முதலில் நிற்கிறவன். அவனுக்கும் ஒரு பசுவும் ஒரு கன்றும் இருந்தன. சாம்பல் லாரி வேறு வழியாகப் போக வேண்டும் என்று அவர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. இப்போது டாக்டரே எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. மறுநாளே லாரியை மறித்தார்கள். முதல் லாரிக்கு முன்னால் போய் நின்றவள் கன்னியம்மா. மகளின் இழுப்பு மருந்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அதிகாரிகள் நேரில் வந்து மாடுகளைப் பார்ப்பதாகப் பத்து நாள் தவணை சொன்னார்கள்.

அதன் பிறகு தெருவில் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். எனக்கு அது தெரியாது. அதிகாரிகள் வந்து பார்க்கிறவரை எந்த வீட்டிலும் மாட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. மாடு தேறிவிட்டால் அப்புறம் எதைக் காட்டுவது? தாஸின் கன்றுக்குக் கழிச்சல் தொடங்கியது. அவன் அதைச் சாக்கில் படுக்கவைத்து, கஞ்சித்தண்ணீர் மட்டும் புகட்டி, நாளை எண்ணிக்கொண்டிருந்தான். நான் எழுதிய தாளை நம்பித்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் கன்னியம்மா எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தாள். முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த பால் கவரை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். உள்ளே சாணம்.

"ரோஸிக்கும் வந்துடுச்சு டாக்டரம்மா. தாடைல தண்ணி கோத்துகினு தொங்குது. எட்டு மாசம் செனை. குடம் குடமா தண்ணி குடிக்குது, குடிச்சத்த அப்டியே கயியுது. நான் வந்தது தெருவுல யாருக்கும் தெரியாது."

கட்டுப்பாட்டைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். சாணத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். முட்டை இல்லை.

"புழு இல்ல கன்னியம்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. "இல்லியா? அப்ப அந்த சேப்பு அரிசி இன்னா?"

"எந்தச் சிவப்பு அரிசி?"

"கொட்டாய கயுவி வுட்டா, தண்ணி ஓடின அப்பால தரையில ஒட்டிகினு கீது. சேப்பா, நொய்யரிசி மாரி. சோறு வடிச்சு கொட்டினதுன்னு நெனச்சேன். எங்கூட்ல சேப்பரிசி ஏது?"

கவரில் இருந்த மிச்சச் சாணத்தை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கலக்கிவிட்டுத் தெளியவைத்தேன். மேல் தண்ணீரை வடித்தேன், திரும்ப ஊற்றினேன். மூன்றாம் முறை வடித்தபோது வாளியின் அடியில் தெரிந்தன. இளஞ்சிவப்பாக, நொய் அளவில். விரலில் எடுத்துப் பார்த்தேன். மெதுவாக நெளிந்தன.

பிள்ளைகளே, அவை குட்டிப் புழுக்கள். வளர்ந்து முட்டையிடுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால், இந்தச் சின்ன வயசில்தான், குடலின் சுவரைக் கடித்துக்கொண்டு மாட்டைக் கொல்லும். சாணத்தில் எப்படி முட்டை இருக்கும்? முட்டையிடுகிற வயசே அவற்றுக்கு வரவில்லை. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

"புல்லு எங்க அறுக்கிறே?"

"பெரிய கொயா ஒண்ணு போவுதே, அத்தாண்ட. மூட்டு வுட்டுகினு கசிஞ்சிகினே கீது. அங்க மட்டும் பச்சைப்பசேல்னு நிக்குது. தெருவே அங்கதான் அறுக்குது."

"தண்ணி உப்பா?"

"அட, நல்ல தண்ணி டாக்டரம்மா. துணி தொவச்சா இன்னா நொரை வருது தெரியுமா!"

எனக்குப் புரிந்துவிட்டது. சுற்றிலும் உப்பு, நடுவில் கசிகிற குழாய் ஒன்று நல்ல தண்ணீர்க் குட்டை உண்டாக்கியிருக்கிறது. கோடையில் அந்த ஒரு இடம்தான் பச்சை. நான் மனப்பாடம் செய்த பாடத்தில் குழாய் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் அவள் சொன்னபோதே "புல் எங்கே அறுக்கிறாய்" என்று கேட்டிருந்தால் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

மருந்தை எடுத்தேன். கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்து மருந்துன்னு சொல்லி ரோஸிக்குக் குடுத்துடலாம் டாக்டரம்மா. நாளைக்கு ஆபீசருங்க வராங்க. புழுன்னு தெரிஞ்சா, சாம்பலும் பொய்னு சொல்லிகினு போய்டுவாங்க. லாரி அப்டியே ஓடிகினு கெடக்கும். எம்பொண்ணு மூச்சுக்கு அல்லாடறது பொய்யா?"

அது பொய் இல்லை. அந்தக் குழந்தை மூச்சு விடுகிற சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். ரோஸிக்கு ரகசியமாக மருந்து கொடுத்தால் ரோஸி பிழைக்கும், அவர்கள் போராட்டமும் நிற்கும், என் தாளும் நிற்கும். எனக்கு எவ்வளவு சௌகரியம்! சரி என்று தலையாட்டிவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன், தலையாட்டிவிட்டேன்.

என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். திருவொற்றியூர் தாண்டும்வரை என் மனசுக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: தெருவே அங்கேதான் அறுக்கிறது. ரோஸிக்குச் சத்து மருந்து என்றால் மற்ற ஒன்பது வீட்டு மாடுகளுக்கு என்ன? அவர்கள் நாளைக்கும் அதே புல்லை அறுத்துப் போடுவார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"கன்னியம்மா, என்னால முடியாது. எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். தப்பு என்னோடது, நான்தான் சொல்லணும்."

அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வண்டிய எடு டாக்டரம்மா, வெயிலு கொளுத்துது" என்றாள்.

தெருவுக்குள் நுழைந்தபோது தாஸின் வீட்டு வாசலில் கூட்டம். அவன் கன்று விடிகாலையில் செத்துப்போயிருந்தது. ஈரச் சாக்குப் போட்டு மூடி, மறுநாள் அதிகாரிகளிடம் காட்டுவதற்காக வைத்திருந்தார்கள். தாஸ் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். செத்த கன்றுக்கு.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், நத்தை, சிவப்பு அரிசி, நான் பார்க்காமல் விட்ட குடல். கூட்டம் கொதித்தது. தாஸ் எழுந்து வந்தான். "இன்னா டாக்டரம்மா இது? அன்னிக்கு சாம்பல்னு நீதான எய்தினே? எவன் உன்ன வந்து பாத்தான்?"

லாரிக்காரர்களிடம் காசு வாங்கினாயா என்று கேட்கிறான். முப்பது வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "யாரும் வரலை தாஸ். கன்றை அறுத்துக் காட்டறேன். நீயே பாரு" என்றேன்.

"இதுமேல ஒருத்தன் கைய வெக்கக் கூடாது. நாளைக்கு வரவங்க பாக்கட்டும்."

கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "தாஸு, உன் கன்னுக்குட்டி செத்துப்போச்சு. என் ரோஸி இன்னும் சாவல. வயித்துல ஒண்ணு வெச்சிகினு நிக்குது. வழி வுடு நைனா."

தாஸ் அவளைப் பார்த்தான். லாரிக்கு முன்னால் முதலில் நின்றவள் அவள்தான், அவளை அவன் என்ன சொல்ல முடியும்? சாக்கை அவனே விலக்கினான்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. வயிற்றில் இங்கும் ஒரு பையும் கொஞ்சம் சாம்பலும் இருந்தன. எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு குடலை எடுத்து நீளவாக்கில் கிழித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தாஸின் முன்னால் விரித்தேன். உள்சுவர் முழுக்கச் சிவப்பு நொய் ஒட்டியிருந்தது, விரல் வைக்க இடமில்லாமல்.

தாஸ் குந்தி உட்கார்ந்தான். ஒரு நொய்யை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அன்னிக்கே புழு மருந்தக் குடுத்திருந்தா பொயச்சிருக்குமா?"

பிள்ளைகளே, 'சொல்ல முடியாது', 'ஒவ்வொரு மாட்டுக்கும் ஒவ்வொரு விதம்' என்று நமக்கு எத்தனையோ வாக்கியங்கள் தெரியும். எல்லாமே நாக்கு நுனியில் வந்து நின்றன.

"பிழைச்சிருக்கும் தாஸ்" என்றேன்.

அவன் எழுந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று மாலைக்குள் பத்து வீட்டு மாடுகளுக்கும் மருந்து கொடுத்தேன். ரோஸியின் தாடையைக் கன்னியம்மாதான் தூக்கிப் பிடித்தாள். "முயுங்குடி என் செல்லம், முயுங்குடி" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். பலவீனமான சினை மாடு, இரண்டாம் வேளை மருந்து வரைக்கும் தாங்குமா என்று எனக்கு நிச்சயமில்லை. அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

மறுநாள் அதிகாரிகள் வந்தபோது திருத்தி எழுதிய தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அப்போ சாம்பல் பிரச்சினை இல்லேங்கறீங்க?" என்றார். நான் பதில் தேடுவதற்குள் கன்னியம்மா தன் தண்ணீர் டிரம்மின் மூடியில் விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்து, அந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மாடு புழுவால செத்துச்சு சார். டாக்டரம்மா தப்பா எய்தினாங்க, அவங்களே வந்து ஒத்துகினாங்க. மாட்டுக்கு இன்னான்னு அவங்க சொல்லட்டும். எம்பொண்ணுக்கு இன்னான்னு நான் சொல்றேன், குந்திக் கேளு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். உட்கார்ந்தார். லாரிகள் அடுத்த வாரமே வேறு வழியில் போய்விடவில்லை. முதலில் தார்ப்பாயை ஒழுங்காகக் கட்டினார்கள். வழி மாறியது ரொம்ப நாள் கழித்துத்தான், அதற்குள் அவர்கள் இன்னும் இரண்டு தடவை மறிக்க வேண்டியிருந்தது. என் பொய்த் தாள் இல்லாமலேதான் அது நடந்தது.

ரோஸி பிழைத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் சாணம் கெட்டியாக விழுந்ததும் கன்னியம்மா போனில் கத்தினாள், என் பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்கோ லாட்டரி விழுந்துவிட்டது என்று நினைத்தார்கள். நாள் நெருங்கி ரோஸி கன்று போட்டபோது நானும் இருந்தேன். எலும்பும் தோலுமாக ஒரு பெண் கன்று. மூன்று தடவை விழுந்து, நாலாம் தடவை எழுந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னியம்மா, "இன்னா டாக்டரம்மா, பிரசவம் பாத்ததே இல்லியா?" என்று கிண்டல் செய்துவிட்டு, அவளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாஸ் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அதற்கப்புறம் ஒரு மாதம் போயிருக்கும். மருந்தகத்தில் கூட்டம் ஓய்ந்த நேரம். ஒரு கை வந்து என் மேஜைமேல் பால் கவரை வைத்தது. நிமிர்ந்தால் தாஸ். காக்கிச் சட்டை, கையில் ஆட்டோ சாவி.

"புச்சா ஒரு கன்னு புட்ச்சாந்துகீறேன். கொஞ்சம் கயியுது. அந்த சேப்பு அரிசி கீதான்னு பாரு."

கழுவிப் பார்த்தேன், தெளியவைத்துப் பார்த்தேன், நுண்ணோக்கியில் பார்த்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"முட்டை இல்ல தாஸ். நொய்யும் இல்ல."

"அது கெடக்கட்டும். புழு கீதா, இல்லியா?"

"தெரியலை" என்றேன். "வா, கன்றைப் பார்க்கலாம். புல் எங்க அறுக்கிறேன்னும் காட்டு."

மருந்துப் பையை எடுத்தேன். அவன் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அன்றைக்கு என் ஸ்கூட்டரை எடுக்கவில்லை, அவன் ஆட்டோவிலேயே போனோம்.